நான்கு விதமாக எழுதப்படும் ஓர் எழுத்து: லூ சுன்னின் ‘கொங் யிஜி’ கதையில் எழுத்துப் பாடம்

‘கொங் யிஜி’ சீன எழுத்தாளர் லூ சுன் (1881–1936) எழுதிய சிறுகதை. 1918 குளிர்காலத்தில் எழுதப்பட்டு, 1919 ஏப்ரலில் ‘புதிய இளைஞர்’ இதழில் வெளிவந்தது. அச்சில் சில பக்கங்களே வரும். லூசென் என்ற சிற்றூரின் மதுக்கடையில் கதை நடக்கிறது. பன்னிரண்டு வயதில் அங்கே மது சூடாக்கித் தரும் வேலைக்குச் சேர்ந்த பையன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தன் நினைவில் நிற்கும் ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறான். நீள அங்கி அணிந்தவர்கள் உள்ளறையில் உட்கார்ந்து குடிப்பவர்கள். குட்டைச் சட்டை அணிந்த உழைப்பாளிகள் கல்லா மேசைக்கு வெளியே நின்று குடிப்பவர்கள். நீள அங்கியும் போட்டுக்கொண்டு, நின்றும் குடிப்பவர் கொங் யிஜி ஒருவரே.

அரசுத் தேர்வுக்குப் படித்துப் படித்து, அதன் முதற்படியைக்கூடத் தாண்டாதவர் அவர். கையெழுத்து நன்றாக இருக்கும். பிறருக்கு நூல்களைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த சில நாளில் ஆளும் காணாமல் போவார், அந்த வீட்டுத் தாள், தூரிகை, மைக்கல்லும் காணாமல் போகும். கடைக்கு வந்தால் எல்லோரும் அவரைச் சீண்டிச் சிரிப்பார்கள். கடைசியில் தேர்வில் வென்ற ஒரு பெரிய மனிதரின் வீட்டில் திருடி மாட்டிக்கொள்கிறார். கால்களை உடைத்துவிடுகிறார்கள். கைகளால் தரையில் ஊர்ந்து வந்து ஒரு கிண்ணம் மது குடித்துவிட்டுப் போகிறார். பிறகு வரவில்லை.

இக்கதையில் சீன மொழி பேசுவோர் எல்லோருக்கும் நினைவிருக்கும் இடம் ஒன்று உண்டு. பெரியவர்களோடு பேச முடியாத கொங் யிஜி பையனிடம் பேச்சுக் கொடுக்கிறார். படித்திருக்கிறாயா என்று கேட்டு, மதுவோடு விற்கும் ‘ஹுய்சியாங்’ அவரையில் வரும் ‘ஹுய்’யை எப்படி எழுதுவது என்று சோதிக்கிறார். பிச்சைக்காரனைப் போன்ற இவருக்கு என்னைச் சோதிக்க என்ன தகுதி என்று பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவர் காத்திருந்துவிட்டு, தெரியாவிட்டால் நானே சொல்லித் தருகிறேன், நாளைக்கு நீ கடைக்காரனானால் கணக்கு எழுத வேண்டியிருக்கும் என்கிறார். பையன் வேண்டாவெறுப்பாகச் சரியான விடையைச் சொல்லிவிடுகிறான். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த ‘ஹுய்’யை நான்கு விதமாக எழுதலாம், தெரியுமா என்று அடுத்ததற்குப் போகிறார். பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விலகிப் போகிறான். மேசையில் எழுதிக் காட்ட மதுவில் நகத்தைத் தோய்த்திருந்தவர் பெருமூச்சு விடுகிறார்.

‘ஹுய் எழுத்தின் நான்கு வடிவங்கள்’ என்பது பயனற்ற படிப்பைக் குறிக்கும் சொலவடையாகவே பிறகு ஆகிவிட்டது. பள்ளிப் பாடநூல் வழியாக இக்கதையைப் படித்த பல தலைமுறைகள் அப்படித்தான் அதைப் புரிந்துகொண்டன. பழைய கல்வி மனிதனை எவ்வளவு கோமாளியாக்கியது என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான். இந்த வாசிப்பு தவறென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது கதையை மதுக்கடையின் பக்கத்தில் நின்று வாசிக்கிறது. கடையில் சிரித்தவர்களின் கருத்தையே கதையின் கருத்தாக எடுத்துக்கொள்கிறது.

அரிச்சுவடியிலிருந்து வந்த பெயர்

பையன் சொன்ன விடையைத் தமிழ் வாசகருக்கு விளக்கியாக வேண்டும். தமிழில் ஒரு சொல்லைக் கேட்டால் எழுதிவிடலாம், எழுத்து ஒலியைத் தொடர்ந்து போகும். சீனத்தில் ஒரு சொல்லின் எழுத்தைச் சொல்லிக் காட்ட அதன் உறுப்புகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘ஹுய்சியாங்’ என்பது சோம்பு. அதன் முதல் எழுத்தில் மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். இது செடிவகை என்று அது சொல்கிறது. கீழே ‘திரும்புதல்’ என்ற பொருளுடைய ‘ஹுய்’ இருக்கும். ஒலியை அது சொல்கிறது. புல்லுக்குக் கீழே, போக வர என்பதில் வரும் ‘ஹுய்’தானே என்று பையன் சொன்னது இதைத்தான். முழுச் சரியான விடை. கொங் யிஜி பேச விரும்பிய நான்கு வடிவங்கள் இந்தக் கீழ்ப்பாதி எழுத்துக்கு உரியவை. மிகப் பழங்காலத்தில் அது ஒரு சுழியாக இருந்தது. பிறகு பெட்டிக்குள் பெட்டியாகச் சதுரப்பட்டது. அந்தச் சதுரத்தின் உள்கோடுகளை வேறு வேறு விதமாக வளைத்தும் இணைத்தும் எழுதியதால் மாற்று வடிவங்கள் உண்டாயின. ஒலி ஒன்றே, பொருளும் ஒன்றே, உருவம்தான் வேறு.

கதையில் இதைவிடக் கூர்மையான எழுத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது. கொங் யிஜி என்பது அவருடைய உண்மைப் பெயரே அல்ல. அவருடைய குடும்பப் பெயர் கொங் (கன்பூசியசின் குடும்பப் பெயரும் இதுவே). பிள்ளைகள் எழுதிப் பழகும் சிவப்பு அச்சுத் தாளில் ‘ஷாங் தா ரென் கொங் யி ஜி’ என்று தொடங்கும் ஒரு வரி உண்டு. பாதி புரியும், பாதி புரியாது. அந்த வரியிலிருந்து ஊரார் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சிவப்பில் அச்சிட்ட எழுத்தின்மேல் கறுப்பு மையால் தூரிகையை ஓட்டிப் பழகுவது அக்காலத்து முதல் எழுத்துப் பயிற்சி. அந்த வரியின் பழைய வடிவம் துன்ஹுவாங் குகையில் கிடைத்த சுவடிகளிலும் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிள்ளைகளின் கை அதன்மேல் ஓடியிருக்கிறது. பொருளுக்காக அல்ல, கோடுகள் குறைவு என்பதற்காகத் தேர்ந்த எழுத்துகள் அவை. கொங் என்பதற்கு 4 கோடு, யி என்பதற்கு 1, ஜி என்பதற்கு 3. மூன்று எழுத்துக்கும் சேர்த்து எட்டே கோடுகள்.

ஓர் எழுத்தின் நான்கு வடிவமும் தெரிந்தவருக்கு, எழுத்தே தெரியாதவர்கள் தொடங்குகிற இடத்திலிருந்து பெயர். கடையின் கடன் பலகையில் எழுதப்படுவதும் அந்தப் பெயர்தான். பத்தொன்பது காசு பாக்கி. ஊரில் அவர் இருந்ததற்கான எழுத்துச் சான்று அது ஒன்றே. ஒரு விழாவுக்குக் கடைக்காரர் அந்தப் பாக்கியை நினைவுகூர்கிறார், அடுத்த விழாவுக்கு அதையும் மறந்துவிடுகிறார்.

பாடம் எங்கே தவறுகிறது

கொங் யிஜி நடத்தியதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். தொடக்கம் நன்றாக இருக்கிறது. பழைய முறையில் பிள்ளைகள் ‘மூவெழுத்து நூல்’, ‘நூறு குடும்பப் பெயர்கள்’, ‘ஆயிரம் எழுத்து நூல்’ ஆகியவற்றைப் பொருள் தெரியாமல் உருப்போட்டார்கள். கொங் யிஜி அவற்றில் எதையும் எடுக்கவில்லை. மேசைமேல் இருக்கும் அவரையை எடுக்கிறார். பையன் தினமும் தட்டில் வைக்கிற பண்டம் அது. எதற்காகக் கற்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார்: கணக்கெழுத. தேர்வையோ பதவியையோ அவர் பேசவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 1922இல் சாங்ஷா நகரில் யான் யாங்சூ பொதுமக்களுக்கான எழுத்தறிவு இயக்கத்தை நடத்தியபோது, வாழ்க்கையில் அதிகம் புழங்கும் ஆயிரம் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வேலை முடிந்த நேரத்தில் கற்பித்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் கூலிவேலை செய்த சீனர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்ததில் அவருக்குப் பிறந்த எண்ணம் அது. கொங் யிஜியின் முதல் கேள்வி அந்த வழியில்தான் இருக்கிறது.

தவறு இரண்டாவது அடியில். பையன் சரியாகச் சொன்னவுடன் அடுத்த சொல்லுக்குப் போயிருக்க வேண்டும். அவரைக்கு அடுத்து மது, மதுவுக்கு அடுத்து காசு என்று. அவர் முன்னால் போகாமல் பக்கவாட்டில் போகிறார். ஒரே சொல்லுக்கு இன்னும் மூன்று உருவங்கள். தொடக்கநிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது சுமை. ஓர் எழுத்தை நினைவில் நிறுத்துவதே பாடு; அதற்கு நான்கு உருவம் என்றால் நான்கு மடங்கு உழைப்பு, ஒரு மடங்கு பயன்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்று வடிவங்களை எழுதக் கற்பது வீண். கண்டால் அடையாளம் தெரிந்துகொள்வது அக்காலத்தில் வீண் அல்ல. ஒரே எழுத்தை ரசீதில் ஒரு விதமாகவும், வைத்தியர் சீட்டில் ஒரு விதமாகவும், மலிவுப் பதிப்புக் கதைப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பார்த்த காலம் அது. கடைக்காரனாகப் போகிறவனுக்குப் பலர் கை எழுத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். கொங் யிஜி சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரிந்த கல்வி கையால் எழுதிக் காட்டுவதை மட்டுமே கல்வியாக எண்ணியது. அதனால்தான் நகம் மதுவில் தோய்கிறது.

பையன் விலகிப் போனதற்குக் காரணம் பாடம் கடினமாக இருந்தது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் கேள்விக்கே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்டவரின் அங்கி கிழிந்திருந்தது, அதுதான் காரணம். அதே கேள்வியை உள்ளறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டிருந்தால் நான்கு வடிவத்தையும் அவன் பணிவோடு கேட்டுக்கொண்டிருப்பான் என்று நான் நினைக்கிறேன். லூ சுன்னின் நண்பர் சுன் ஃபூயுவானின் பதிவு இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. தன் கதைகளில் லூ சுன்னுக்கு மிகவும் பிடித்தது இது என்றும், துன்பப்படுகிறவரிடம் சமூகம் காட்டும் ஈரமின்மையைக் காட்டுவதே எண்ணம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் பையனும் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் ஒருவன். பெரியவனானபின் அந்தப் பாடத்தை நகத்தின் அசைவு உட்பட அவன் நினைவில் வைத்திருப்பதை வேறெப்படி விளக்குவது?

கணக்கேட்டின் எழுத்தும் தேர்வுத்தாளின் எழுத்தும்

மாற்று வடிவங்கள் எல்லாமே பண்டிதர்களின் சரக்கு என்ற எண்ணம் இக்கதையால் பரவிவிட்டது. வரலாறு அப்படி இல்லை. தாங் அரசர் காலத்தில் யான் யுவான்சுன் ஓர் எழுத்து நூல் செய்தார். அதை அவருடைய தம்பி மகனும் பெரும் எழுத்துக்கலைஞருமான யான் சென்சிங் 774இல் எழுதிக் கல்லில் பொறிக்கச் செய்தார். நூலின் பெயரே ‘பதவிச் சம்பளம் நாடுவோருக்கான எழுத்துகள்’ என்று பொருள்படும். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை அது வழக்கு, பொது, சரியானது என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழக்கு வடிவம் எங்கே செல்லும்? கணக்கேடு, ஒப்பந்தம், மருந்துச் சீட்டு போன்றவற்றில். தேர்வுக் கட்டுரைக்கும் உயர்ந்த எழுத்துக்கும் சரியான வடிவம் வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டு முதலே கணக்கேட்டுக்கு ஓர் எழுத்து, தேர்வுத்தாளுக்கு ஓர் எழுத்து என்று பிரிவினை இருந்திருக்கிறது. கொங் யிஜி சிக்கிக்கொண்ட இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாயில் கணக்கேடு, கையில் தேர்வுத்தாள். அவருக்கு அங்கியைக் கழற்றவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை என்பதோடு இது பொருந்திப் போகிறது.

அரசுத் தேர்வு 1905இல் ஒழிந்தது. நான்கு ஆண்டில், 1909இல், ‘கல்வி இதழ்’ முதல் இதழிலேயே லூஃபெய் குய் ஒரு கட்டுரை எழுதினார். பொதுக்கல்விக்கு வழக்கு வடிவ எழுத்துகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அவற்றில் கோடு குறைவு, கற்பது எளிது, அரசு ஆவணமும் தேர்வும் தவிர மற்ற எல்லா இடத்திலும் மக்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். 1912இல் சொங்ஹுவா பதிப்பகத்தைத் தொடங்கியவர் இவரே. பாடநூல் அச்சிடுவதன் நடைமுறை தெரிந்தவர். அவர் சொன்னதன் பொருள் பெரிது. பிள்ளைக்குச் சுமையாக இருந்த மாற்று வடிவங்களிலிருந்துதான் பிள்ளையின் சுமையைக் குறைக்கும் எழுத்தும் கிடைக்கும் என்று அது பொருள்படுகிறது. குவியல் ஒன்றே. எதை எடுக்கிறோம், யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எழுத்தாளரும் அந்த வகுப்பில் இருந்தவர்

நான்கு வடிவத்தைக் கேலி செய்தவராக அறியப்படும் லூ சுன்னுக்கு நானூறு தெரிந்திருக்கும். 1908இல் தோக்கியோவில் சாங் தாய்யான் என்ற பேரறிஞர் சிறு குழுவுக்குப் பழைய எழுத்தகராதியான ‘ஷுவோவென்’ நூலைப் பாடம் நடத்தினார். லூ சுன், அவர் தம்பி சோ ஸுவோரென், சியென் சுவான்தோங் ஆகியோர் அவ்வகுப்பின் மாணவர்கள். அக்காலத்தில் வினோத வாக்கியங்களும் பழைய எழுத்து வடிவங்களும் எழுத விரும்பியதாகவும், பின்னர் அச்சுக்கோப்பவர்களின் வசதிக்காகச் சிலவற்றை மாற்றியதாகவும் ‘கல்லறை’ கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் (1926) அவரே எழுதியிருக்கிறார். பெய்ஜிங்கில் கல்வி அமைச்சக அதிகாரியாக இருந்த ஆண்டுகளில் மாலைப்பொழுதெல்லாம் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். அக்கல்வெட்டுகள் மாற்று வடிவங்களின் காடு. அங்கே வந்து, இதைப் படியெடுத்து என்ன பயன் என்று கேட்டு, அவரைப் ‘புதிய இளைஞர்’ இதழுக்கு எழுத வைத்தவர் அந்தப் பழைய வகுப்புத் தோழர் சியென் சுவான்தோங். 1922இல் எழுதிய ‘அறைகூவல்’ முன்னுரையில் இந்தச் சந்திப்பைப் பெயர் மாற்றி லூ சுன் பதிவு செய்திருக்கிறார்.

படியெடுத்துப் பிழைக்கும் கொங் யிஜியை எழுதிய கை, பகலில் அலுவலகக் கோப்பும் இரவில் கல்வெட்டும் எழுதிய கை. கதையில் வரும் சிரிப்பு வெளியே நின்று சிரிப்பது அல்ல. எழுத்தின் கிளைகளைத் தேடிப் போவதில் ஒரு மனிதனுக்கு உண்டாகும் இன்பம் லூ சுன்னுக்குத் தெரியும். அந்த இன்பத்துக்குக் கேட்பார் இல்லாமல் போவதும் தெரியும். கொங் யிஜி இரண்டு நீண்ட நகங்களால் மேசையைத் தட்டி மகிழும் அந்த ஒரு நொடி தவிர, கதையில் வேறு யாரும் மகிழ்ச்சியாக இல்லை. மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சியென் சுவான்தோங் வேறு வழியில் போனார். 1918இல் சீன எழுத்தையே கைவிட வேண்டும் என்று எழுதியவர், 1920இல் கோடுகளைக் குறைக்கும் யோசனைக்கு இறங்கி வந்தார், 1922இல் அதை முறையான முன்மொழிவாக வைத்தார். ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவர் நான்கு வடிவங்களைக் கதையாக்கினார், மற்றவர் அவற்றிலிருந்து எளிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குப் போனார். 1930இல் லியூ ஃபூவும் லி ஜியாருய்யும் பன்னிரண்டு பழைய அச்சு நூல்களிலிருந்து வழக்கு வடிவங்களைத் திரட்டி வெளியிட்டனர். எளிய எழுத்து புதிய கண்டுபிடிப்பு அல்ல, பல நூறு ஆண்டுகளாக மக்கள் கையில் இருந்தது என்று அதன்மூலம் தெரிந்தது. ‘உடல்’ என்ற சொல்லின் 23 கோட்டு எழுத்துக்கு 7 கோட்டில் ஒரு வழக்கு வடிவம் இருந்தது. இன்று சீனப் பிள்ளைகள் எழுதுவது அதைத்தான்.

அரசின் முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1935 ஆகஸ்டில் கல்வி அமைச்சகம் வெளியிட்ட 324 எளிய எழுத்துகளின் பட்டியல் 1936 பிப்ரவரியிலேயே திரும்பப் பெறப்பட்டது. மக்கள் குடியரசு 1955 டிசம்பரில் 810 தொகுதிகளில் ஒன்றை மட்டும் நிறுத்தி 1,055 மாற்று வடிவங்களை நீக்கியது, 1956 ஜனவரியில் எளிய எழுத்துத் திட்டத்தையும் ஏற்றது. ஒரு சொல்லுக்கு ஓர் உருவம் என்பது பள்ளியின் சட்டமானது. தொடக்கக் கல்விக்கு இது நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தை ஒரே நாளில் நேர்ப்படுத்த முடியாது. நீக்கியவற்றில் 45 வடிவங்களை 2013இல் வெளியான 8,105 எழுத்துகளின் பட்டியல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. மக்கள் தங்கள் பெயர்களில் அத்தகைய எழுத்துகளை விடாமல் எழுதிவந்தது அதற்கு ஒரு காரணம்.

2023இல் சீன இணையத்தில் வேலை கிடைக்காத பட்டதாரிகள் தங்களைக் கொங் யிஜி என்று அழைத்துக்கொண்டார்கள். பட்டம் என்பது கழற்ற முடியாத அங்கி என்றார்கள். பள்ளியில் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் பெரியவர்களாகி அவர் பக்கம் வந்து நின்றதில், கதை ஒரு நூற்றாண்டு கழித்துத் தன் சரியான வாசகரை அடைந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

அந்த நான்கு வடிவங்கள் எவை என்று லூ சுன் கதையில் சொல்லவில்லை. பையன் நிற்கவில்லை, அதனால் மேசையில் எதுவும் எழுதப்படவில்லை. அவருடைய முழுத்தொகுப்பைப் பதிப்பித்தவர்கள்தான் தேடிப் பார்த்து அடிக்குறிப்பு எழுதினார்கள். வழக்கமாக மூன்று வடிவங்களே உண்டு, நான்காவது மிக அரிது, ‘காங்சி அகராதி’யின் பிற்சேர்க்கையில் இருக்கிறது என்று அந்தக் குறிப்பு நான்கையும் வரிசையாக எழுதிக் காட்டுகிறது.